சட்டியும் மாவும்: மலாவியில் எட்டு நாள்

நவம்பர் 4, 2024, திங்கள் – லிலோங்வே

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி நிற்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் தம்பி இருபது வயதில் ரிக் ஏறியவன். ஆந்திரா, ராஜஸ்தான், தான்சானியா என்று போய், இப்போது ஆறு வருடமாக ஆப்பிரிக்க நாடான மலாவியில் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். "ரிட்டையர்தான் ஆயிட்டியே, ஒரு தடவ வந்து பாருக்கா" என்று ஒரு வருடமாக நச்சரித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்து லேபில் முப்பத்தொரு வருடம் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்துக் கழுத்து தேய்ந்ததுதான் மிச்சம், போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டேன்.

அடிஸ் அபாபாவில் மாறி, மதியம் லிலோங்வேயில் இறங்கினேன். வெயில் நம் சித்திரை வெயில்தான், ஆனால் வியர்வை இல்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால் அப்படியாம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றிலும் கரி மூட்டை, ஓட்டுகிறவர் தலைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு. மேட்டில் இறங்கித் தள்ளுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் கரண்டே கிடையாது, கரண்ட் இருக்கிற வீட்டிலும் நம்பிச் சமைக்க முடியாது, அதனால் ஊர் முழுக்கக் கரியில்தான் வேகிறது என்றான் தம்பி. சாலையோரம் நெடுக வெறும் அடிமரங்கள். மரமெல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்துகொண்டிருந்தது.

ஊரின் பகுதிகளுக்குப் பெயருக்குப் பதில் எண். ஏரியா 49க்குப் பக்கத்தில் ஏரியா 18. எது எப்போது கட்டப்பட்டதோ அந்த வரிசையில் எண் போட்டதாகச் சொல்கிறார்கள். 1975இல் தலைநகரை ஸோம்பாவிலிருந்து இங்கே மாற்றினார்களாம். இன்னும் பாதி ஊர், பாதி காடு. ஜகரண்டா மரங்களுக்குக் கீழே ஊதாப்பூ கொட்டிக் கிடந்தது.

இரவு ஏழரைக்குக் கரண்ட் போய்விட்டது. இங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், உடம்புக்கு அப்போது பதினொரு மணி. தம்பி மெழுகுவர்த்தியைத் தேடுவதற்குள் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய் – லிலோங்வே

காலையில் கிராமத்துக்கு ரிக்கோடு போவதாகத் திட்டம். டீசல் இல்லை. நகரத்தில் எந்த பங்க்கிலும் இல்லை. நாட்டில் டாலர் இல்லாததால் இறக்குமதிக்குக் காசு இல்லை என்கிறார்கள். போன நவம்பரில் இந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் 44 சதவீதம் குறைத்தார்கள். அப்படியும் டாலர் வந்து சேரவில்லை. வங்கிக் கணக்குப்படி நம் ஒரு ரூபாய்க்கு இருபது குவாச்சா சொச்சம். வெளியில் வேறு கணக்கு.

சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் மார்க்கெட் போகலாம் என்று தம்பி வீட்டில் சமைக்கும் அம்மாவோடு கிளம்பினேன். அங்கேதான் முதல் அசட்டுத்தனம். தக்காளியைக் குவியல் குவியலாக அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் நேராகப் போய் "எவ்வளவு?" என்று விரலைக் காட்டினேன். அவள் பதில் சொல்லாமல், புன்னகையோடு "முலி ப்வாஞ்சி?" என்றாள். நான் மறுபடி தக்காளியைக் காட்டினேன். அவள் மறுபடி "முலி ப்வாஞ்சி?" என்றாள். என்னைக் கூட்டிப்போன அம்மா முழங்கையில் இடித்து, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்: "ந்திலி ப்வீனோ, காயா இனு?" நான் நன்றாயிருக்கிறேன், நீங்கள்? அவளும் நன்றாயிருப்பதாகச் சொன்ன பிறகுதான் தக்காளிக்கு விலை வந்தது. குவியல் ஆயிரம் குவாச்சா. நலம் விசாரிக்காமல் இங்கே யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. போலீஸ்காரரும் வண்டியை நிறுத்தி முதலில் நலம்தான் விசாரிக்கிறார்.

எனக்குத் தலை நரைத்திருப்பதால் எல்லோரும் "அகோகோ" என்கிறார்கள். பாட்டி என்று அர்த்தம். ஊரில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முறைத்திருப்பேன். இங்கே அப்படிச் சொல்லும்போதே லேசாக முழங்காலை மடக்குகிறார்கள், எப்படி முறைப்பது? குழந்தைகள் மட்டும் "அம்வென்யே!" என்று கத்தினார்கள். இந்தியர்களுக்கு அந்தப் பெயர்.

மக்காச்சோளம் ஐம்பது கிலோ மூட்டை 45,000 குவாச்சா. இந்த வருடம் மழை பொய்த்து, மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 90,000. அப்படியென்றால் இரண்டு மூட்டையோடு மாதச் சம்பளம் முடிந்தது. வாடகை, சோப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் எதில்? கணக்குப் போட்டுக்கொண்டே மண்டாசி இரண்டு தின்றேன். நம் இனிப்பு போண்டாவின் தங்கச்சி. ஒன்று 200 குவாச்சா. கொடுத்த நோட்டில் ரோஸ் சிபாம்போ என்ற அம்மாவின் முகம். சுதந்திரப் போராட்டக்காரர், நாட்டின் முதல் பெண் அமைச்சர்.

நவம்பர் 6, புதன் – லிலோங்வே

டீசல் வரிசையில் ஒன்பது மணி நேரம். வேறு எழுத ஒன்றுமில்லை. லாரி வருகிறது என்று ஒரு வதந்தி வரும், எல்லோரும் இஞ்சினைக் கிளப்புவார்கள், அரை மணியில் அணைப்பார்கள். பங்க்கில் பெட்ரோல் விலை லிட்டர் 2,530 என்று பலகை தொங்குகிறது. சந்துக்குள் மஞ்சள் கேனில் அதுவே இரட்டை விலைக்குக் கிடைக்கிறது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் வரிசையில் நுழையவில்லை. எனக்கு அந்தப் பொறுமை பிடிக்கவில்லை என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு டீசல் வந்தது, நாலு கேன் கிடைத்தது.

நவம்பர் 7, வியாழன் – டோவா மாவட்டம்

விடியற்காலையிலேயே கிளம்பி வடக்கே போனோம். முபோனேலா என்ற சந்தை ஊருக்கு முன்பே தார்ச்சாலையை விட்டு இறங்கி, செம்மண் தடத்தில் ஒன்றரை மணி நேரம். ரிக் நேற்றிரவே போய்ச் சேர்ந்திருந்தது.

ஊருக்குப் பழைய தண்ணீர் என்பது ஓடைப்பக்கம் தோண்டிய ஊற்றுக்குழி. சாம்பல் நிறத் தண்ணீர், அதை ஒரு ஆடும் குடித்துக்கொண்டிருந்தது. 2022–23இல் இந்த நாட்டில் காலரா வந்து 1,700க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காலராவை நான் பாடப்புத்தகத்தில் படித்து, சர்வீஸில் நாலைந்து தடவை பார்த்தவள். இங்கே ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்கிறார்கள்.

கம்ப்ரசர் கிளம்பியதும் ஊரே கூடிவிட்டது. பெண்கள் மரத்தடியில் சித்தெஞ்சே துணியை விரித்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் சுற்ற, பிள்ளையை முதுகில் கட்ட, தலைச்சுமைக்குச் சும்மாடு சுருட்ட என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே துணிதான். பதினோரு மணிக்கு, 38 மீட்டரில் தண்ணீர் பீறிட்டது. நான் திருச்செங்கோட்டுக்காரி, ஆயிரம் அடி போய்ப் புழுதி மட்டும் வந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள். நூற்றிருபத்தைந்து அடியில் தண்ணீர் என்றால் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொடுக்க இத்தனை வருடமா? பெண்கள் எழுந்து நின்று குலவை போட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கோயில்களில் கேட்டிருக்கிறேனே, அச்சு அசல் அதே குலவை.

பம்ப் இன்றைக்கு மாட்ட மாட்டார்கள். கழுவி, தண்ணீரைச் சோதித்து, சிமெண்ட் மேடை போட்டுக் காய்ந்த பிறகுதான். ஆஃப்ரிடெவ் என்ற கைப்பம்பு. கழற்றி மாட்டப் பெரிய சாமான் வேண்டாம், ஊர்ப் பெண்களே வாஷரை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர் அடிபம்பான இந்தியா மார்க் 2 கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து உருவானது. அதற்கு அடுத்த தலைமுறை இது, 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் வைத்து உருவாக்கினார்கள். தம்பிக்கு இந்தக் கதை சொல்வதில் ஏகப் பெருமை, ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி.

மதியச் சாப்பாடு ஊர்த்தலைவர் வீட்டில். ஒரு பெண் முழங்காலிட்டு, சொம்பிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினாள். ன்சிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. ராகிக் களி தின்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, தொட்டுக்கொள்வதை அள்ள வேண்டும். தொட்டுக்கொள்ளப் பூசணி இலையை நிலக்கடலை மாவு போட்டு வதக்கியிருந்தார்கள். ஊருக்குப் போய்ச் செய்து பார்க்கப் போகிறேன். களி ஆளுக்கு இரண்டு உருண்டை. தலைவர் வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு உட்காரவில்லை. அவர்கள் பங்கைத்தான் தின்றேனா என்று யாரிடம் கேட்பது? இரண்டாவது உருண்டையைத் தொடாமல் வைத்தேன்.

சாப்பிட்ட பிறகு நான் கேட்டு வாங்கிக்கொண்ட வரம்: கிராமத்து கிளினிக்கைப் பார்ப்பது. அது ஒரு செங்கல் வீட்டின் முன்னறை. ஹெச்.எஸ்.ஏ என்று அழைக்கப்படும் சுகாதார ஊழியர் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், நீலச்சட்டை. நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. "எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்?" என்றேன். "ரெண்டாயிரத்துக்கும் மேல், அகோகோ" என்றார். ஒரு காலத்தில் அம்மை குத்தப் போனவர்கள், பிறகு காலராவுக்குப் போனவர்கள், அப்படி வளர்ந்து வந்த வேலை இது. மரப்பெட்டிக்குள் அவருடைய ஆஸ்பத்திரி முழுவதும் இருக்கிறது: மலேரியாவுக்கு எல்.ஏ மாத்திரை, நிமோனியாவுக்கு அமாக்சிசிலின், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்ஸும் ஜிங்க்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். மூச்சு எண்ண ஒரு டைமர். வாசலில் ஒரு சைக்கிள், பின்சக்கரத்தில் டயர் வெடித்து, ரப்பர் துண்டு வைத்துக் கட்டியிருந்தது.

காய்ச்சலோடு ஒரு பையன், இரண்டு வயது. அவனுடைய அம்மா மார்புத்துணிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஹெல்த் பாஸ்போர்ட். பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு மலாவிக்காரரின் மருத்துவ வரலாறும் அவரவர் கையில் இருக்கும் ஒரு சின்னப் புத்தகத்தில். எடை, தடுப்பூசி, போன தடவை கொடுத்த மருந்து எல்லாம் அதில். நம் ஊரில் ஓ.பி. சீட்டைப் பஜ்ஜி மடித்துத் தின்று தூக்கிப்போடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். மலேரியாத் தடுப்பூசிக்கும் அதில் கட்டம் இருந்தது. வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்து அந்த ஊசியை உலகத்திலேயே முதலில் போட ஆரம்பித்தது இந்த நாட்டில்தான், 2019 ஏப்ரலில். ஐந்து, ஆறு, ஏழாம் மாதங்களில் மூன்று, இருபத்திரண்டாம் மாதத்தில் நாலாவது. இந்தப் பையனுக்கு நாலாவது இன்னும் காலியாக இருந்தது.

அவர் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனை அட்டையில் விட்டு, மருந்துத் துளிகளை ஊற்றி, போனில் பதினைந்து நிமிடம் வைத்தார். என் கை பரபரத்தது. நான் பழகியது ஸ்லைடில் தடவல், ஜே.எஸ்.பி சாயம், தண்ணீர் கழுவல், காயவைத்தல், எண்ணெய் விட்டு நூறு தடவை நகர்த்திப் பார்த்தல். மோதிரம் மாதிரி மலேரியாக் கிருமி ஒன்று தெரிந்தால் மனசு குதிக்கும், அப்புறம் அது ஒரு ஆளின் ரத்தம் என்று ஞாபகம் வரும். இங்கே மைக்ராஸ்கோப் இல்லை, கரண்ட் இல்லை, பதினைந்து நிமிடத்தில் கோட்டில் பதில். நடுவில் அவர் அட்டையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. நான் நாலு தடவை எட்டிப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. மலேரியா. முதல் மாத்திரையை அங்கேயே தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பையன் துப்பினான். மறுபடி கொடுத்தார்.

நவம்பர் 8, வெள்ளி – டோவாவிலிருந்து திரும்பும் வழி

இரவு ரிக் கூடாரத்திலேயே தங்கினோம். காலை ஏழு மணிக்கு, நாங்கள் கிளம்பும் நேரத்தில், ஹெச்.எஸ்.ஏ ஓடி வந்தார். ஒரு பெண் குழந்தைக்கு விடியற்காலையில் வலிப்பு. மலவாய் வழியாக மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் வைத்தாயிற்று, அதற்கு மேல் அவர் கையில் ஒன்றுமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஆம்புலன்ஸ்? போன் செய்தார். வண்டி இருக்கிறது, டீசல் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் நாங்கள், நம்பாமல் எப்படி இருப்போம்? வழக்கமாக என்ன செய்வார்கள் என்றேன். கபாசா, அதாவது வாடகை சைக்கிளின் பின்சீட்டில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தார்ச்சாலை வரை. அங்கிருந்து மத்தோலா, அதாவது காசு வாங்கிக்கொண்டு ஏற்றும் லாரியோ பிக்கப்போ. சாலைக்கு இருபது கிலோமீட்டர்.

"அக்கா, நீ முன்னாடி ஏறிக்க. அவங்க பின்னாடி படுக்க வச்சிரட்டும்" என்றான் தம்பி. குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் இல்லை. மூன்று வயது இருக்கும்.

அப்போது அந்த அம்மா குழந்தையைப் பாட்டியின் மடியில் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஓடினாள். நாங்கள் வண்டியைக் கிளப்பி வைத்துக் காத்திருக்கிறோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த நேரத்தில் என்ன எடுக்கப் போயிருக்கிறாள்? வாயைத் திறந்து தமிழிலேயே திட்டினேன், யாருக்கும் புரியவில்லை, நல்லவேளை. பன்னிரண்டாவது நிமிடம் வந்தாள். தலையில் கரிபிடித்த அலுமினியச் சட்டி. சட்டிக்குள் ஒரு பை மக்காச்சோள மாவு, உப்புப் பொட்டலம், ஒரு மரக்கரண்டி. கக்கத்தில் நாலு விறகு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் சமையலறையைக் கட்டிக்கொண்டு வருகிறாளே என்று எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பின்பக்கமாகச் சுற்றி வந்தபோதுதான் புரிந்தது. தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. நாற்பது அடுப்பு இருக்கும், எல்லாம் மூன்று கல். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டி. நோயாளியோடு வருகிறவர்களைக் கார்டியன் என்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது, படுக்கை கிடையாது. சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், நோயாளியைத் துடைக்க வேண்டும், மருந்து வேளையை நர்ஸிடம் ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வார்டில் நான் எண்ணிய வரை ஐம்பது குழந்தைக்கு இரண்டு நர்ஸ். சில கட்டிலில் இரண்டு பிள்ளைகள். கார்டியன்கள் இல்லாவிட்டால் அந்த வார்டு அரை நாள் ஓடாது. சட்டி இல்லாமல் வந்திருந்தால் அவள் இரவில் என்ன சாப்பிட்டு, எத்தனை நாள் தாங்கியிருப்பாள்? இரண்டாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப்போயிருப்பாள். அப்படித் திரும்பிப்போகிறவர்கள் உண்டு என்றார் நர்ஸ். பன்னிரண்டு நிமிடம் அவள் யோசித்துச் செலவழித்த பன்னிரண்டு நிமிடம்.

இந்த நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. டாக்டர், ஊசி, ரத்தம் எதற்கும். இருக்கிற பணத்தில் செய்கிறார்கள். 1990 வாக்கில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் இருநூறுக்கும் மேல் ஐந்து வயதைத் தாண்டாது, இன்றைக்கு ஐம்பதுக்கும் கீழே. நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு செய்த காரியம். ஆனால் இலவச ஊசிவரை வந்து சேருகிற இருபது கிலோமீட்டரும், அங்கே உட்கார்ந்து தின்கிற மாவும் இலவசம் இல்லை.

ஹீமோகுளோபின் 3.8. லேபில் இருந்த பையன் என்னை உள்ளே விட்டான், நானும் லேப்காரி என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ரத்தம் ஒரு பாட்டில் இருந்தது. ஒரே ஒரு மருந்து ஸ்டாக் இல்லை என்று வெளியே எழுதிக்கொடுத்தார்கள், தம்பி வாங்கி வந்தான், 8,500 குவாச்சா. ரத்தம் ஏற ஆரம்பித்ததும் அந்த அம்மா எங்களிடம் வந்து முழங்காலிட்டாள். நான் அவளைத் திட்டியவள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் முழங்காலிட்டுவிட்டேன். மூட்டு வலியில் எழுந்திருக்க முடியவில்லை, அவள்தான் தூக்கிவிட்டாள். பக்கத்திலிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

நவம்பர் 9, சனி – சலிமா, ஏரிக்கரை

மனசு சரியில்லை என்று தம்பி ஏரிக்குக் கூட்டிப்போனான். கடல் என்றே சொல்லலாம், எதிர்க்கரை தெரியவில்லை. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம். கரையில் நாணல் பரண்களில் உசிப்பா மீன் காய்கிறது, நம் நெத்திலிக்கு அக்கா பெண் மாதிரி. வாசனையும் அதேதான், ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பரணில் மீனைக் காக்கைக்கு மறைத்து மூடியிருந்தது கொசுவலை. இலவசமாகக் கொடுத்த வலை. லேப்காரிக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, பாதி. மீதிப் பாதி அந்த மீனின் விலையைக் கேட்டதும் போய்விட்டது.

கடையில் சம்போ மீன் வறுத்து, சோற்றோடு 12,000 குவாச்சா. முள் குறைவு, இனிப்பான மீன். ஏரியில் சம்போ அருகிக்கொண்டே வருகிறது, அதனால்தான் இந்த விலை.

தம்பியோடு வேலை செய்கிற பையன்கள் இருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். நான் கரையிலிருந்தே கத்தினேன். இந்த ஏரியின் நத்தைகளில் பில்ஹார்சியாப் புழு வளர்கிறது, தண்ணீரில் நின்றாலே தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்புறம் சிறுநீரில் ரத்தம். "அக்கா, பிரசிகுவாண்டல் மாத்திரை போட்டுக்கறோம், விடு" என்றார்கள். பத்தடி தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஏழெட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் நான் எதைச் சொல்ல? காலைக்கூட நனைக்காமல் திரும்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு – லிலோங்வே

வயிறு. சலிமா வழியில் வாங்கிய மாம்பழம், ஒரு வாளி 1,500 குவாச்சா என்றதும் கண்மண் தெரியாமல் தின்றேன். ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். சமைக்கும் அம்மா தேவாலயத்திலிருந்து வந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, "அகோகோ, மாம்பழம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் இந்தப் பருவத்தின் முதல் மழை. இருபது நிமிடம் தகரத்தில் கொட்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து சும்மா நின்று நனைந்தார்கள். நாளைக்கே மண்வெட்டியோடு மக்காச்சோளம் விதைக்கப் போவார்களாம். அறுவடை ஏப்ரலில். அதுவரைக்கும் அந்த 45,000 குவாச்சா மூட்டைதான்.

நவம்பர் 11, திங்கள் – லிலோங்வே, கிளம்பும் நாள்

மதியம் விமானம். காலையில் மார்க்கெட்டுக்குப் போய், முறைப்படி நலம் விசாரித்துவிட்டு, சைக்கிளுக்கு ஒரு டயரும் இரண்டு டியூபும் வாங்கினேன். பின்சக்கரத்துக்கு என்று தம்பி அளவு சொன்னான். ரிக்குக்குச் சாமான் கொண்டுபோன டிரைவர் நேற்று மாலையே திரும்பி வர வேண்டியவர், மழையில் தடம் சகதியாகி இன்று காலை பத்து மணிக்குத்தான் வந்தார். அவர் மறுபடி போகும்போது டயரை ஹெச்.எஸ்.ஏயிடம் சேர்ப்பதாகப் பேச்சு.

அவர் சும்மா வரவில்லை. ஆஸ்பத்திரி வழியாக வந்திருக்கிறார். குழந்தை எழுந்து உட்கார்ந்து ன்சிமா தின்றதாம், இன்னும் இரண்டு நாளில் விடுவார்களாம். சட்டியில் மாவு தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். ஊரிலிருந்து பாட்டி, தானியம் விற்கப் போன யாரோ ஒருவரின் சைக்கிளில் இன்னொரு பை கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதே சைக்கிளில் எனக்கும் ஒன்று வந்து, குழந்தையின் அம்மா கையில் காத்திருந்திருக்கிறது. டிரைவர் இரண்டு கையாலும் நீட்டினார். பழைய சித்தெஞ்சேத் துணியில் கட்டிய பச்சை நிலக்கடலை, இரண்டு கிலோவுக்குக் குறையாது.

"பை ஏற்கெனவே இருபத்திமூணு கிலோக்கா. இது ஏறாது, இங்கயே வச்சிட்டுப் போ" என்றான் தம்பி.

பெட்டியைத் திறந்து, எடுத்துவந்து கட்டாமலே வைத்திருந்த பட்டுச்சேலையையும் ஸ்வெட்டரையும் அவன் பீரோவில் வைத்துவிட்டு, கடலை மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டினேன்.